வலைப்பந்தாட்டமும் தொழில்வாழ்வும்: தர்ஜினி சிவலிங்கம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் வரலாறு அரசர், புலவர், சமயச் சான்றோர், அரசியல் தலைவர் ஆகியோரின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அண்மைக் காலத்தில் உழவர், தோட்டத் தொழிலாளர், கூத்துக் கலைஞர் ஆகியோரின் வாழ்வும் ஆய்வுப் பொருளாகியுள்ளது. ஆயினும் உடலுழைப்பையும் உடற்பயிற்சியையும் தம் தொழிலாகக் கொண்ட விளையாட்டு வீரர், குறிப்பாகப் பெண் விளையாட்டு வீரர், தமிழ் ஆய்வுலகில் உரிய இடத்தைப் பெறவில்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தோடு அவர்கள் வரலாறு முடிந்துவிடுகிறது.

இக்குறையை மனங்கொண்டு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் அவர்களின் ஆட்ட வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. 2009 முதல் 2022 வரையிலான காலம் ஆய்வின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அவரைப் பற்றிய பேச்சில் இரண்டு செய்திகளே மிகுதியும் இடம்பெறுகின்றன. ஒன்று அவரது உயரம்; மற்றொன்று சிங்களப் பெரும்பான்மையுடைய தேசிய அணியில் அவர் தமிழராக விளங்கியமை. இவ்விரண்டும் உண்மையே. எனினும் இவ்விரண்டு மட்டுமே பேசப்படும்போது அவரது தேர்ச்சியும் நீண்டகால உழைப்பும் மறைந்துவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ் இலக்கியத்தில் பெண்ணும் பந்தும்

பெண்கள் பந்தாடுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் மகளிர் விளையாட்டுக் கருவிகளாகச் சுட்டப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, ஊசல் வரி ஆகியவற்றோடு கந்துக வரியும் அமைந்துள்ளது. கந்துகம் என்பது பந்து. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் மகளிர் பந்தடிக்கும் திறம் தனிப்பகுதியாகவே பாடப்பட்டுள்ளது; அங்கு ஒருத்தியை ஒருத்தி விஞ்சும் வகையில் அடிகளின் எண்ணிக்கையும் சொல்லப்படுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுவது யாவரும் அறிந்ததே.

இவ்விலக்கியச் சான்றுகளில் இரு போக்குகளைக் காணலாம். பந்தாடும் பெண் பெரும்பாலும் ஓர் ஆடவனால் காணப்படுபவளாக அமைகிறாள்; அவளது இடையும் கூந்தலும் அணிகலனும் வருணனைக்கு உரியனவாகின்றன. இது முதற்போக்கு. பெருங்கதையில் காணப்படும் எண்ணிக்கை மரபு இரண்டாம் போக்கு. ஒருத்தி எத்தனை முறை அடித்தாள் என்று கணக்கிடும்போது கவிஞரின் நோக்கு அழகை விட்டுத் திறமைக்கு நகர்கிறது. இவ்விரு போக்குகளும் இன்றைய விளையாட்டுச் செய்திகளிலும் தொடர்வதைப் பின்னர்க் காணலாம்.

ஆட்டத்தின் தோற்றமும் பெயரும்

வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்திலிருந்து கிளைத்தது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். 1890களில் இங்கிலாந்தின் மகளிர் உடற்கல்விக் கல்லூரி ஒன்றில் அது பெண்களுக்கேற்ற ஆட்டமாக மாற்றம் பெற்றது. மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் நிறுவிய அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியைகள் வழியே ஆட்டம் பள்ளிகளுக்குப் பரவியது. 1901இல் முதல் விதித் தொகுப்பு அச்சாயிற்று. பின்னர் ஆங்கிலப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பெண்கள் பள்ளிகளில் இவ்வாட்டம் வேரூன்றியது.

இவ்வரலாற்றில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒருமுகப்படுத்தவும் பன்னாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கவும் 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியது இலங்கையிலேயே ஆகும். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடைபெற்ற முதல் உலகப் போட்டியில் இலங்கை அணியும் பங்குபற்றியது.

பெயரைப் பற்றியும் இவண் சிறிது கூறுதல் தகும். ஈழத்தமிழ் வழக்கில் கிரிக்கெட் துடுப்பாட்டம் எனவும், கால்பந்து உதைபந்தாட்டம் எனவும், தமிழகத்தார் கைப்பந்து என வழங்கும் வாலிபால் கரப்பந்தாட்டம் எனவும் குறிக்கப்பெறும். அவ்வாறே நெட்பால் அங்கு வலைப்பந்தாட்டம் ஆயிற்று. பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் நாளிதழ்களிலும் இச்சொல் இயல்பாகப் பயில்கிறது. தமிழகத்திலும் மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழரிடையேயும் இவ்வாட்டம் அத்துணை பரவாமையால், எறிபந்து எனப்படும் த்ரோபாலோடு இதனை மயங்குவாரும் உளர். த்ரோபாலில் வலை ஆடுகளத்தின் நடுவே குறுக்கே கட்டப்படும். வலைப்பந்தாட்டத்திலோ இரு முனைகளிலும் நிற்கும் கம்பங்களின் வளையத்தில் வலை தொங்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இவ்வாட்டம் மகளிர் கூடைப்பந்து என்றே வழங்கியது என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. ஒரு சொல் நிலைபெறுவதற்கு அதற்குரிய பொருள் மக்கள் வாழ்வில் நிலைபெற வேண்டும்; ஈழத்தமிழரிடையே இவ்வாட்டம் பள்ளிவழி ஊன்றியிருந்தமைக்கு இச்சொல்லே சான்றாகும்.

விதிகளும் உயரமும்

தர்ஜினியின் உயரம் 208 சென்டிமீட்டர், அதாவது 6 அடி 10 அங்குலம். வலைப்பந்தாட்ட உலகின் மிக உயரமான வீராங்கனை என அவர் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார். இவ்வுயரம் ஆட்டத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அறிய விதிகளை நோக்குதல் வேண்டும்.

ஓரணிக்கு 7 பேர். ஆடுகளம் 30.5 மீட்டர் நீளமும் 15.25 மீட்டர் அகலமும் உடையது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் அமையும். கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல் வளையத்தின் பின்னே பலகை இல்லை. பலகையில் பட்டுத் திரும்பி விழும் வாய்ப்பும் ஆகவே இல்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது. கையில் பெற்றவர் 3 நொடிக்குள் அதனை விடுத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் களத்தின் எப்பகுதியில் நிற்கலாம் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கோல் ஷூட்டர், கோல் அட்டாக் எனும் இருவர் மட்டுமே, 4.9 மீட்டர் ஆரமுடைய அரைவட்டத்திற்குள் நின்று பந்தை வளையத்துள் இடலாம். தடுப்பவர், பந்து வைத்திருப்பவரின் காலடியிலிருந்து 0.9 மீட்டர் விலகியே நிற்க வேண்டும்.

தர்ஜினி ஆடியது கோல் ஷூட்டர் இடம். அவரது உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையே 97 சென்டிமீட்டரே உள்ளது. உயரே வீசப்படும் பந்தைத் தடுப்பவர் எட்டாத இடத்தில் அவர் கைப்பற்ற இயலும். இது உயரத்தின் பயன். ஆயினும் பந்து கைக்கு வந்தபின் நிகழ்வன வேறு. மூன்று நொடிக்குள் உடலை நிலைப்படுத்தி, ஊன்றிய காலை விதி பிறழாது வைத்து, பலகையின் துணையின்றி, 38 சென்டிமீட்டர் விட்டமுடைய வளையத்துள் பந்தை இறக்க வேண்டும். அவருக்குப் பந்து வந்து சேர்வதும் தானாக நிகழ்வதன்று. நடுக்களத்தில் ஆடுவோர், எதிரணியினரின் நீட்டிய கைகளுக்கு மேலே, அவர் மட்டுமே எட்டக்கூடிய புள்ளிக்குப் பந்தை வீச வேண்டும். இவ்வீச்சுக்கும் பிடிப்புக்கும் இடையிலான இசைவு பல்லாண்டுப் பயிற்சியாலன்றி அமையாது. எனவே உயரம் என்பது வாய்ப்பு; அதனைத் திறனாக்கியது பயிற்சி எனல் பொருந்தும்.

காலமும் களமும்

தர்ஜினி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியிலுள்ள புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்தவர், 1979இல் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டிலேயே இலங்கையில் பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. 1983இல் இனக்கலவரம் மூண்டது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அங்கு நிலைகொண்டது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வலிகாமத்தின் வடபகுதியில் பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் மக்கள் வாழவியலாத உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை போர்நிறுத்தத்தை ஒட்டி 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டது.

1979ஐ ஒட்டி வலிகாமத்தில் பிறந்த ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவம் முழுவதும் இக்காலப்பகுதியில் அடங்குகிறது. விளையாட்டுக்குத் திறந்தவெளி வேண்டும். நாள்தோறும் தடையற்ற பயிற்சி வேண்டும். பிற ஊர் அணிகளோடு மோதப் பயணம் வேண்டும். ஊரடங்கும் இடப்பெயர்வும் சாலைத்தடையும் இம்மூன்றையும் பறித்தன. அத்தலைமுறையில் திறமையிருந்தும் களம் காணாதவர் பலர் இருந்திருத்தல் இயல்பே. தர்ஜினியின் வெற்றியைப் போற்றுமிடத்து, அவரோடு ஒத்த வயதினர் இழந்த வாய்ப்பையும் நினைத்தல் வரலாற்று நோக்கிற்கு இன்றியமையாதது.

சமூகச் சூழலும் கருதத்தக்கது. பெண்ணின் உடலை மணவாய்ப்பின் அளவுகோலால் அளக்கும் வழக்கம் நம்மிடையே வலிமையானது. மணமகன் மணமகளைவிட உயரமாயிருத்தல் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அத்தகைய சமூகத்தில் அளவின் மிக்க உயரம் ஒரு பெண்ணுக்குக் குறையாகவே எண்ணப்படும். வலைப்பந்தாட்டம் அந்த அளவுகோலையே மாற்றுகிறது. தெருவில் வேடிக்கைக்குரியதாகக் கருதப்படும் ஒன்று, வெள்ளைக்கோட்டுக்குள் அணியின் தேவையாகிறது.

ஆட்ட வாழ்வு: 2009 முதல் 2022 வரை

ஆசிய வலைப்பந்தாட்ட வாகைப் போட்டியில் இலங்கை 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றிருந்தது. 2005இல் சிங்கப்பூர் வென்றது. 2009இல் இலங்கை மீண்டும் வாகை சூடியபோது அவ்வணியில் தர்ஜினி இடம்பெற்றிருந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் இலங்கையின் உள்நாட்டுப் போர் முள்ளிவாய்க்காலில் பேரழிவோடு முடிவுற்றது. வடபுலத் தமிழ்ப் பெண் ஒருவர் அவ்வாண்டில் இலங்கையின் சீருடையில் களமிறங்கியது எளிதில் ஒற்றைப் பொருள் கொள்ளத்தக்க நிகழ்வன்று.

2011இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வாகைப் போட்டியிலும் அவர் ஆடினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் கழகத்துக்காக விக்டோரியா மாநில லீக் போட்டிகளில் பங்கேற்றார். உலகில் இவ்வாட்டம் மிகச் சிறந்து விளங்கும் நாடு ஆஸ்திரேலியா என்பதை எண்ணும்போது இதன் சிறப்புப் புலப்படும்.

2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ஆசியப் பட்டத்தைச் சிங்கப்பூரும், 2016இல் மலேசியாவும் வென்றன. 2018 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்ற போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை 69–50 எனும் கோல் கணக்கில் சிங்கப்பூரை வென்று, 9 ஆண்டுகளுக்குப் பின் பட்டத்தை மீட்டது. தர்ஜினி அவ்வெற்றியின் மையமாக விளங்கினார். எழிலேந்தினி சேதுகாவலர் எனும் மற்றொரு தமிழ் வீராங்கனையும் அவ்வணியில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 16 நாடுகள் பங்கேற்ற அப்போட்டியில் தர்ஜினி 348 கோல்கள் இட்டார். தனியொருவர் இட்ட கோல்களில் அதுவே மிகுதி. அப்போது அவருக்கு 40 வயது. 2022 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை 63–53 என மீண்டும் சிங்கப்பூரை வென்றது. இலங்கையின் ஆறாவது ஆசியப் பட்டமாகிய அதனை வென்ற அணியிலும் தர்ஜினி ஆடினார். முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 13 ஆண்டுகள். விளையாட்டு வீரர் பலர் முப்பதைக் கடந்ததும் ஓய்வை எண்ணும் நிலையில், நாற்பத்து மூன்றாம் வயதில் வெற்றி அணியில் அவர் நின்றது அவரது உடற்பேணலுக்கும் ஒழுங்குக்கும் சான்று.

எண்கள் கூறுவனவும் கூறாதனவும்

348 எனும் எண் நுணுகி நோக்கத்தக்கது. அதே போட்டியில் இலங்கை அணி பெற்ற இடம் 15. உலகிலேயே மிகுதியான கோல்களை இட்டவர் கடைசிக்கு முந்திய இடத்தைப் பெற்ற அணியில் இருந்தார் என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஆட்டத்தின் அமைப்பை அறிந்தார்க்கு இம்முரண் விளங்கும். வலிய அணிகளில் கோலிடும் பொறுப்பு இருவருக்கும் பகிரப்படும். மாற்று வீராங்கனையரும் சுழற்சி முறையில் களமிறக்கப்படுவர். இலங்கை அணியிலோ அப்பொறுப்பு ஒருவர்மீதே பெரிதும் சுமந்தது. மேலும், கோல் ஷூட்டர் தம் களப்பகுதியைக் கடந்து சென்று எதிரணியின் கோலைத் தடுக்க விதி இடந்தராது. களத்தின் ஒரு முனையில் அவர் எத்துணை வென்றாலும், மறுமுனையில் நிகழ்வது அவர் கைக்கு எட்டாதது.

ஆகவே இவ்வெண் ஒருபுறம் தனிமனிதத் திறனுக்கும், மறுபுறம் போதிய வளமற்ற ஓர் அமைப்புக்கும் ஒருசேரச் சான்றாகிறது. பெருங்கதைப் புலவர் அடிகளின் எண்ணிக்கையால் பெண்ணின் தேர்ச்சியைப் புலப்படுத்தினார். இன்றைய வரலாற்றாசிரியர் அவ்வெண்ணிக்கையோடு நில்லாது, அதற்குப் பின்னே உள்ள நிறுவனங்களையும் வினவுதல் வேண்டும்.

‘தொழில்முறை’ என்பதன் பொருள்

தர்ஜினியைத் தொழில்முறை வீராங்கனை எனக் கூறும்போது அச்சொல்லின் பொருள் வரையறுக்கப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2008 முதல் 2016 வரை இணைந்து நடத்திய லீக்கும், 2017 முதல் ஆஸ்திரேலியா தனித்து நடத்திவரும் சூப்பர் நெட்பால் லீக்கும் இவ்வாட்டத்தைப் பெண்களுக்குரிய ஊதியத் தொழிலாக வளர்த்தன. இலங்கையில் அத்தகைய அமைப்பு உருவாகவில்லை. அங்கு வங்கிகளும் வணிக நிறுவனங்களும் படைத்துறைகளும் வீராங்கனையருக்கு வேலை கொடுத்து, தம் அணிகளில் ஆடச் செய்கின்றன. தர்ஜினியும் செலான் வங்கி அணிக்காக வணிக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடியவர். இம்முறையில் மாதச் சம்பளம் உறுதியாகிறது; எனினும் அது ஆட்டத்துக்கான ஊதியமன்று, பணிக்கான ஊதியமே.

வேறொரு காரணமும் உண்டு. வலைப்பந்தாட்டம் 1995இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் ஏற்பைப் பெற்றபோதிலும் ஒலிம்பிக் போட்டியில் சேர்க்கப்படவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதற்கு இடமில்லை. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மட்டும் 1998இல் கோலாலம்பூரில் சேர்க்கப்பட்டது. பதக்கத்தை அளவாகக் கொண்டு நிதி வழங்கும் அரசுகள் இத்தகைய ஆட்டங்களைப் பின்தள்ளுதல் இயல்பு. எனவே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மெல்பர்ன் எனும் தர்ஜினியின் பயணம், திறமைக்கு உரிய விலை கிட்டும் இடத்தைத் தேடிய தொழிலாளியின் பயணமாகவும் வாசிக்கத்தக்கது. பிழைப்பும் வாய்ப்பும் தேடிப் புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றில் இதற்கும் இடமுண்டு.

அடையாளமும் உழைப்பும்

2018 வெற்றியைப் போன்ற தருணங்களில் இருவகை வாசிப்புகள் எழுவதுண்டு. ஒன்று, தமிழ்ப் பெண் நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தமையால் இன நல்லிணக்கம் மலர்ந்ததாகக் கொள்வது. மற்றொன்று, அவர் வெற்றியை இனத்தின் தனிப் பெருமையாக மட்டும் கொள்வது. முதலாவது, தீர்க்கப்படாத அரசியற் சிக்கல்களை ஒரு கோப்பையால் மூட முயல்கிறது. இரண்டாவது, அவருக்குப் பந்தை வீசித் தந்த சிங்களத் தோழியரின் பங்கினை மறைக்கிறது. களத்தில் நிகழ்ந்தது இவ்விரண்டிலும் எளியது, அதனினும் ஆழமானது. பொது இலக்குடைய எழுவர், மொழி வேறாயினும், ஒருவர் கையின் அசைவை மற்றொருவர் பிழையின்றி உணரும் நிலையை உழைத்து எய்தினர். அந்நிலை களத்துக்கு வெளியே தானே பரவும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் அது இயலாதது என்று கூறுவாருக்கு அஃது ஒரு மறுப்பு.

உயரம் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும். பந்தாடும் பெண்ணின் உடலையே வருணிக்கும் பழைய இலக்கியப் போக்கு, 208 சென்டிமீட்டர் எனும் வியப்பில் புதுவடிவம் பெறுகிறது. ஒரே உயரத்தோடு 2009இலும் 2022இலும் அவர் நின்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைக் களத்தில் நிலைநிறுத்தியது உயரம் அன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பெண் பந்தாட்டம் பற்றிய தமிழ் மரபு தொன்மையானது. எனினும் அதனைத் தொழிலாகக் கொண்ட பெண்ணின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியின் பள்ளிக்கல்வி வழி வந்த ஓர் ஆட்டம், போரால் சிதைந்த ஒரு நிலத்துப் பெண்ணுக்கு உலக அரங்கைத் திறந்தது. அவரது உயர்வு தனிமனித முயற்சியால் நேர்ந்தது. அவ்வுயர்வைத் தாங்கும் நிறுவன அமைப்பு உடன் வளரவில்லை என்பதை 348, 15 எனும் இரண்டு எண்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இத்தகைய வாழ்க்கை வரலாறுகள் ஈழத்துக்கு மட்டும் உரியன அல்ல. தமிழகத்தின் சிற்றூர்களிலும், இலங்கை மலையகத்திலும், தாராவி, செம்பூர், சுனாபட்டி போன்ற மும்பைக் குடியிருப்புகளிலும் பள்ளி அணியோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட பெண்கள் உள்ளனர். அவர்கள் ஏன் நிறுத்தினர் என்பதை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் கள ஆய்வுக்கு உரிய பொருளாகும். தர்ஜினி களத்தில் தொடர்ந்ததன் அருமை, அவர்கள் நின்றுபோனதன் காரணங்களை அறியும்போதே முழுமையாக விளங்கும்.